திருவிழாத் தகராறைப் பல துறை நோக்கில் ஆராய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தேர் வடம், முதல் மரியாதை, கோயில் நுழைவு, ஊர்வலப் பாதை, சுடுகாட்டு வழி. தமிழ்நாட்டில் சமூக மோதலை ஆராய வரும் மாணவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோடுதான் வருகிறார்கள். தலைப்பில் 'பல துறை நோக்கு' என்று இருக்கும். ஆய்வேட்டைத் திறந்தால் ஓர் இயல் வரலாறு, ஓர் இயல் சட்டம், ஓர் இயல் களப்பணி. மூன்றும் ஒரே ஊரைப் பற்றியவை என்பதே சில ஆய்வேடுகளில் தெரியாது.

துறைகளை அடுக்கி வைப்பது எளிது. ஒரு துறை சொல்வதை இன்னொரு துறை மறுக்கும்படி செய்வதுதான் வேலை. அதற்கு வேலைகளை ஒரு வரிசையில் செய்ய வேண்டும். வரிசை மாறினால் பின்னால் சரிசெய்ய முடியாதவை சில உண்டு. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

உதாரணத்துக்குக் கண்டதேவியை எடுத்துக்கொள்கிறேன். சிவகங்கை மாவட்டம் தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர். அங்குள்ள சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனித் தேருக்கு நான்கு வடங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாடுகளின், அதாவது பல ஊர்கள் சேர்ந்த மரபான தொகுதிகளின், பிரதிநிதிகளான நாட்டார்களும் அவற்றுக்கு மரபுரிமை சொன்னார்கள். பட்டியல் சாதியினர் தங்களுக்கும் வடம் பிடிக்கும் உரிமை உண்டு என்றார்கள். 1990-களின் இறுதியில் பிரச்சினை உயர் நீதிமன்றம் ஏறியது. இடையில் சில ஆண்டுகள் போலீஸ் பாதுகாப்போடு தேர் ஓடியது, பிறகு நீண்ட காலம் நின்றது, 2024 ஜூனில் மறுபடி ஓடியது. சட்டம், வரலாறு, மானிடவியல், நிர்வாகம் எல்லாம் ஒரே வடத்தில் கை வைத்திருக்கிற விஷயம் இது.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

உங்கள் ஆய்வுக் குழுவில் இரண்டாவது துறையைச் சேர்ந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். வரலாற்று மாணவர் என்றால் சட்டம் தெரிந்தவர், சட்ட மாணவர் என்றால் களப்பணி செய்தவர். கடைசியில் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வது உதவாது. கேள்வியை வகுக்கும்போதே 'இதற்குச் சான்று எது?' என்று வேறு கோணத்தில் கேட்க ஆள் வேண்டும்.

அடுத்தது, நெறியாளரின் அறிமுகக் கடிதம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அசல் கையொப்பத்தோடு தனிப் பிரதி. ஆய்வுத் தலைப்பு உண்மையானதாக இருக்க வேண்டும், ஆனால் அதில் 'மோதல்' என்ற சொல் வேண்டாம். 'கோயில் திருவிழாவும் ஊர் நிர்வாகமும்' என்று இருந்தால் எழுத்தர் கோப்பைத் தேடுவார். 'சாதி மோதல்' என்று இருந்தால் கடிதம் அப்படியே காவல் நிலையத்துக்குப் போகும். ஊரிலும் அந்தக் கடிதத்தை யாராவது வாங்கிச் சத்தமாகப் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்தே எழுதச் சொல்லுங்கள்.

சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் ஆகிய நில ஆவணங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரிடம் இரண்டு மாலை உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் போகிறவர்கள், கையில் கிடைத்த காகிதத்தில் இருக்கும் பதிலைப் பார்க்காமலே அடுத்த அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

2. சம்பவத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

'கண்டதேவியில் சாதி மோதல்' என்பது செய்தித் தலைப்பு. 'ஏன் மோதல் வந்தது?' என்பதும் கேள்வி ஆகாது. அதற்கு ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்.

நல்ல கேள்விக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே துறையை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. உதாரணமாக: 'நீதிமன்றம் சம உரிமையை ஏற்ற பிறகும் தேர் ஏன் ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை?' உத்தரவை மட்டும் படித்தால் இதற்கு விடை கிடைக்காது. ஊரில் மட்டும் கேட்டாலும் கிடைக்காது. உத்தரவு வந்த நாளுக்கும் திருவிழா நாளுக்கும் நடுவே தாசில்தார் அலுவலகத்திலும் கோயில் அலுவலகத்திலும் என்ன நடந்தது என்று பார்த்தாக வேண்டும்.

இன்னொரு வகை: ஒரே மாதிரியான இரண்டு ஊர்களில் ஒன்றில் மட்டும் ஏன் வெடித்தது? இதை எடுப்பதாக இருந்தால் அமைதியாக இருக்கும் ஊருக்கும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலோர் அதை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவதால் ஒப்பீடு நிற்பதில்லை.

3. காலவரிசை முதலில், கோட்பாடு பிறகு

ஊருக்குப் போகும் முன், ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன், மேசையில் உட்கார்ந்து ஒரு காலவரிசை தயாரியுங்கள். நாளிதழ்கள், நீதிமன்ற இணையதளம், சட்டமன்ற விவாதங்கள் என்று வெளிப்படையாகக் கிடைப்பவை போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நடந்தது, எங்கிருந்து தெரிந்தது என்ற மூன்றும் இருக்கட்டும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், மோதலின் தொடக்கத் தேதியே ஒரு தரப்பு வாதம். ஒரு தரப்பு வழக்குப் போட்ட நாளிலிருந்து கதையைத் தொடங்கும். மறுதரப்பு இருபது ஆண்டு பின்னால் போகும். கண்டதேவியை 1990-களில் தொடங்கினால் அது வடம் பற்றிய வழக்கு. 1979-இல் உஞ்சனையில் புரவியெடுப்பு (மண் குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் திருவிழா) தொடர்பாக நடந்த வன்முறையிலிருந்து தொடங்கினால் அதே ஆய்வு வேறொன்றாகிவிடும். எந்தத் தேதியில் தொடங்குவது என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் எழுதி வைத்து, யார் எதைச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாளிதழ் என்றால் மாவட்டப் பதிப்பு. சென்னைப் பதிப்பில் சாவு விழுந்த நாள் மட்டும் இருக்கும். பேச்சுவார்த்தை தோற்ற நாள் மாவட்டப் பக்கத்தில்தான் வரும், அந்தப் பக்கங்கள் இணையத்தில் பெரும்பாலும் கிடைக்காது. இன்னொன்று, 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று போட்டுவிட்டு யார் என்று சொல்லாமல் விடுவது நாளிதழ் வழக்கம். அந்த இடத்தை நீங்களாக ஊகித்து நிரப்பக் கூடாது. கேள்விக்குறி போட்டு நகருங்கள்.

4. ஆவணங்கள்: எதை எங்கே தேடுவது

மாணவர்கள் அதிக மாதங்களை வீணாக்குவது இங்கேதான். ஆவணம் இல்லை என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் தவறான பெயரில் தேடியிருப்பார்கள்.

மாவட்டப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய சிவகங்கை மாவட்டப் பகுதி 1910 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1980-களின் நடுவில் தனியாகப் பிரிந்து பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரைத் தாங்கியது. 1997-இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்ட பிறகுதான் சிவகங்கை. ஆக, ஒரே கோயிலின் காகிதம் நான்கு பெயர்களுக்குக் கீழ் கிடக்கிறது. அந்த 1997 முடிவே ஒரு சாதி மோதலின் விளைவு. போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு, பட்டியல் சாதியினர் தங்கள் வீரராகப் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் எழுந்த கலவரம்தான் அதற்குக் காரணம். அட்டவணையைத் தேடும் சலிப்பான வேலையிலேயே உங்கள் ஆய்வுப் பொருள் எட்டிப் பார்க்கும்.

நீதிமன்றத்திலும் இதே சிக்கல். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ரிட் மனுக்கள் சென்னையில் எண்ணிடப்பட்டவை. மதுரைக் கிளை வழக்குகளில் மட்டும் தேடிவிட்டு '2004-க்கு முன் வழக்கே இல்லை' என்று எழுதிய ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

நில ஆவணத்தில் கவனிக்க வேண்டியது, ஊர் ரயத்துவாரிப் பகுதியா (அரசு உழவரிடம் நேரடியாக வரி வாங்கியது) ஜமீன் பகுதியா (ஜமீன்தார் வழியாக வாங்கியது) என்பது. சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற ஜமீன்களில் அரசின் செட்டில்மெண்ட் (நில வரி நிர்ணய) பதிவேடுகள் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு உருவானவை. அங்கே போய் 19-ஆம் நூற்றாண்டு செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேட்டால் கிடைக்காது. ஆனால் கோயில் மானியங்களுக்கு 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேடு உண்டு. எந்த ஊழியத்துக்கு எந்த நிலம் என்று அதில் இருக்கும். தேர் இழுப்பது, பறையடிப்பது, பந்தம் பிடிப்பது எல்லாம் ஒரு காலத்தில் நிலத்தோடு கட்டப்பட்ட வேலைகள். இன்று 'உரிமை' என்று பேசப்படுவது அன்று 'ஊழியம்' என்ற பத்தியில் எழுதப்பட்டிருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு, அதாவது எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்வதற்கு, முந்தைய அ-பதிவேட்டையும் பிந்தையதையும் சேர்த்தே கேளுங்கள். கோயில் நிலமும் பொதுப் பாதையும் அந்த இடைவெளியில் பல ஊர்களில் தனியார் பெயருக்குப் போயிருக்கின்றன.

இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம், 1959-இன் 63-ஆம் பிரிவு மாணவர்கள் அதிகம் கவனிக்காத சுரங்கம். ஒரு கோயிலில் ஒருவருக்கு வழக்கப்படி மரியாதை உண்டா, கோயிலின் நடைமுறை வழக்கம் எது என்ற தகராறுகளை இணை ஆணையர் விசாரித்து முடிவு செய்வது அதன் கீழ்தான். அந்த விசாரணைக் கோப்பில் இரு தரப்புச் சாட்சியமும் இருக்கும். முதல் மரியாதைச் சண்டை உள்ள ஊர் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு முன்னால் இங்கே போங்கள்.

பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் 1897-இல் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு 1908-இல் லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. தீர்ப்பைப் படிக்க அரை மணி நேரம் போதும். கீழ் நீதிமன்றச் சாட்சியங்களில்தான் யார் எந்த வாசல் வரை வந்தார்கள், யார் தேங்காய் உடைத்தார்கள், யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்ற விவரங்கள் கிடைக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுவதாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், பிறகு முதல் மேல்முறையீடு. களப்பணி முடிந்து போட்டால் ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு பதில் வரும். மனுவில் 'ஏன்' என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 'இந்தத் தேதியில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்' என்று காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முன்பே காலவரிசை போடச் சொன்னது இதற்கும்தான். தேதி இல்லாமல் நகல் கேட்க முடியாது.

5. போலீஸ் காகிதத்தையும் கோட்டாட்சியர் உத்தரவையும் படிக்கும் முறை

முதல் தகவல் அறிக்கையை நடந்ததன் பதிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒருவர் கொடுத்த புகாரைப் போலீஸ் எழுதிக்கொண்ட விதம். அதில் முதலில் பார்க்க வேண்டியவை சம்பவ நேரமும் நிலையத்துக்குத் தகவல் வந்த நேரமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால், அந்த ஒரு நாளில் யாரோ யாரோடோ பேசியிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து, எதிர்வழக்கு உண்டா என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லா ஊர்ச் சண்டைகளிலும் அடுத்தடுத்த எண்களில் இரண்டு வழக்குகள் இருக்கும். ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுதுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இரண்டிலும் எத்தனை பேர் பெயரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் 'பெயர் தெரியாத மற்றும் சிலர்' என்று எண்ணிப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு முதலிலேயே சேர்க்கப்பட்டதா, பிறகு திருத்தப்பட்டதா என்பதையும் குறியுங்கள்.

அதைவிட முக்கியமாக, அரசு எந்தப் பிரிவின் கீழ் விஷயத்தைக் கையாண்டது என்று பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் நுழைவுப் பிரச்சினை வெடித்தபோது, 2023 ஜூனில் கோட்டாட்சியர் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார். அதற்கு எடுத்த ஆயுதம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு. நிலம், நீர் போன்றவற்றின் அனுபோகம் (யார் கைவசம் இருக்கிறது என்பது) பற்றிய தகராறில் அமைதி கெடும் என்றால் பயன்படுத்தும் பிரிவு அது. அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்புக் கேள்வி, தீண்டாமைக் கேள்வி, ஒரே உத்தரவில் அனுபோகத் தகராறாக உருமாறிவிட்டது. கோயில் மீண்டும் திறந்தது 2024 மார்ச்சில். சட்டம் மட்டும் படித்தவர் 145 செல்லுமா என்று கேட்பார், மானிடவியல் மட்டும் படித்தவர் பிரிவு எண்ணைப் படிக்கவே மாட்டார். இரண்டு பேரும் கேட்காத கேள்வி, இந்த உருமாற்றத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் எண்கள் மாறிவிட்டன. தடை உத்தரவுக்கான பழைய 144 இப்போது 163, பழைய 145 இப்போது 164. இரு காலத்து உத்தரவுகளையும் தேடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

6. ஊரைக் கையால் வரையுங்கள்

புலப்படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து வரையுங்கள். சாமி புறப்பாட்டுப் பாதை, பிணம் போகும் பாதை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், குடிநீர்த் தொட்டி. செயற்கைக்கோள் படம் தூரத்தைக் காட்டும், யார் எந்த வழியைத் தவிர்க்கிறார்கள் என்பதைக் காட்டாது.

மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் பட்டியல் சாதியினரின் குடியிருப்பைப் பிரித்து 1989-இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. அதற்கு அப்புறமும் அங்கே தகராறு தொடர்ந்தது, அரச மர வழிபாடு, கோயில் நுழைவு, பேருந்து நிழற்குடை என்று. இவற்றைப் பட்டியலாகப் படித்தால் தனித்தனிப் பிரச்சினைகள். வரைபடத்தில் வைத்தால் எல்லாம் பொது இடத்துக்குப் போகும் வழியைப் பற்றியவை என்று தெரியும்.

7. ஊருக்குள் போவது

முதல்முறை திருவிழா மாதத்தில் போகாதீர்கள். அப்போது ஊரே மேடையில் இருக்கும், எல்லாரும் தரப்புக்காகப் பேசுவார்கள். அறுவடை முடிந்த ஓய்வான மாதத்தில் போங்கள். திருவிழாவை இரண்டாம் வருகையில் பார்த்துக்கொள்ளலாம்.

யாரோடு போகிறீர்கள் என்பதை ஊர் கடைசி வரை மறக்காது. கட்சிக்காரர் வண்டியில் இறங்கினால் ஒரு கதவு திறந்து இன்னொன்று அடைபடும். போலீஸ்காரரோடு போனால் இரண்டுமே அடைபடும். பேருந்தில் போய் இறங்குங்கள். தேநீர்க் கடை, பள்ளி ஆசிரியர், தபால்காரர், அப்புறம் தரப்புகள். அதே நாளில் இரண்டு தெருவுக்கும் போய்விடுவது நல்லது. ஒரு தெருவில் ஒரு வாரம் இருந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால், அங்கே நீங்கள் ஏற்கெனவே 'அவங்க ஆளு'.

'தம்பி எந்த ஊரு?' என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும் 'அங்க எந்தத் தெரு?', 'அப்பா என்ன செய்றாங்க?' என்று வரும். உங்கள் சாதியைத் தெரிந்துகொள்ளாமல் உரையாடல் நகராது. பொய் சொல்லாதீர்கள், அலைபேசி காலத்தில் அது ஒரு நாள்கூடத் தாங்காது. சொல்ல விருப்பமில்லை என்றால் அதை மரியாதையாகச் சொல்லலாம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும், உங்களுக்குக் கிடைத்த பேச்சு அதனால் எப்படி வளைந்தது என்பதைக் களக் குறிப்பில் எழுதுங்கள். முடிந்தால் வேறு சமூகப் பின்னணி உள்ள ஒருவரோடு சேர்ந்து வேலை செய்து, ஒரே ஆளிடம் இருவரும் தனித்தனியே பேசிப் பாருங்கள். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வேறுபாடு தனியே ஓர் இயலுக்குப் பொருள் தரும்.

சண்டையில் நேரடியாக இல்லாத குடிகளைத் தேடுங்கள். புரவி செய்யும் வேளார், முடிதிருத்துபவர், துணி வெளுப்பவர், மேளக்காரர். திருவிழாவில் இவர்களுக்கு இரு பக்கமும் வேலை இருக்கும். எந்த ஆண்டு யார் பணம் கொடுத்தார், யாருடைய வீட்டு வாசலில் நிற்காமல் போகச் சொன்னார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும். மாணவர்கள் இரண்டு தரப்புத் தலைவர்களையும் பேட்டி எடுத்துவிட்டு 'இரு தரப்பையும் கேட்டாயிற்று' என்கிறார்கள். அந்தத் தலைவர்கள் சொல்வது ஏற்கெனவே மனுவில் அச்சாகிவிட்ட விஷயம்.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும், ஆய்வாளர் பெண்ணாக இருந்தால் நல்லது. நூறு நாள் வேலை நடக்கும் இடமும் ரேஷன் வரிசையும் எல்லாத் தெருவும் கலக்கும் இடங்கள். சண்டைக்குப் பிறகு அங்கே யார் யாரோடு பேசுவதை நிறுத்தினார்கள், யார் நிறுத்தவில்லை என்று கேளுங்கள்.

கூலி, கடன், வெளியூர் வருமானம் பற்றி வடத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சண்டையைத் தொட்ட பிறகு பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யாருடைய வயலில் யார் வேலை செய்தார்கள், அது எப்போது நின்றது, திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ முதலில் போனவர் யார் என்று தெரிந்தால், உரிமைக் குரல் ஏன் அந்த ஆண்டில் எழுந்தது என்பதற்கு ஒரு நூல்முனை கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

8. வழக்கு நிலுவையில் இருந்தால்

குற்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது சாட்சிகளிடம் சம்பவத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யவே கூடாது. அவர் உங்களிடம் சொன்னதும் நீதிமன்றத்தில் சொல்வதும் ஒரு வார்த்தை மாறினாலும், முன்பின் முரண் என்று குறுக்கு விசாரணையில் அவரை மடக்க அது உதவும். உங்கள் ஆய்வுக்காக ஒரு வன்கொடுமை வழக்கு தோற்கலாம்.

தகவல் தந்தவர் பெயரை நீதிமன்றத்தில் மறைக்கும் சிறப்புரிமை ஆய்வாளருக்கு நம் சட்டத்தில் கிடையாது. ஆகவே 'யார் அடித்தது?' என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்ல வந்தாலும் பேச்சை மாற்றுங்கள். பெயர்ப் பட்டியலையும் களக் குறிப்பையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

இந்தக் காலத்தில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. பழைய திருவிழாக்கள், நில வரலாறு, பேச்சுவார்த்தைகளின் நடைமுறை, வரைபடம். சம்பவத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

9. துறைகளை மோதவிடுங்கள்

இப்போது எல்லாம் கையில் இருக்கிறது. இங்கேதான் பலர் இயல் பிரித்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுங்கள். முதலில் ஒரு பெரிய தாளில் அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் நிகழ்வுகள், தேதிப்படி. மேலே நான்கு பத்திகள்: உத்தரவும் தீர்ப்பும் என்ன சொல்கின்றன, அலுவலகக் கோப்பு என்ன சொல்கிறது, ஒவ்வொரு தெருவும் என்ன சொல்கிறது, நிலத்திலும் வரைபடத்திலும் என்ன தெரிகிறது.

ஒரே பதில் வரும் வரிசைகளை விட்டுவிடுங்கள். பதில்கள் முட்டிக்கொள்ளும் வரிசைகளைச் சிவப்பில் சுற்றுங்கள். உங்கள் ஆய்வேடு அந்தச் சிவப்பு வட்டங்கள்தான்.

கண்டதேவியில் தேர் நின்றுபோன ஆண்டுகளைப் பாருங்கள். கோப்பில் திருப்பணி, தேர்ப் பழுது என்ற காரணங்கள் வரும். ஊரில் கேட்டால் தெருவுக்கு ஒரு காரணம் வரும். எது உண்மை என்று தீர்ப்பு எழுத அவசரப்படக் கூடாது. தேர் பழுதானதும் உண்மையாக இருக்கலாம், அந்தப் பழுது எல்லாருக்கும் வசதியாக இருந்ததும் உண்மையாக இருக்கலாம். பழுதைச் சரிசெய்ய எடுத்த காலத்தை மற்றக் கோயில்களின் தேர்ப் பணிக் காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு விடை நெருங்கி வரும்.

இன்னொரு சிவப்பு வட்டம் வடமே. நீதிமன்றம் பார்ப்பது உரிமையை: எல்லாரும் சமம், எல்லாரும் இழுக்கலாம். நாட்டார் பேசுவது மரியாதையை: எந்த நாடு எந்த வடம், யாருக்கு முதல் அழைப்பு. பட்டியல் சாதியினர் கேட்பது இரண்டையும் சேர்த்து. நிர்வாகத்துக்குத் தெரிந்தது எண்ணிக்கை: எத்தனை பேர், எந்தப் பட்டியல், எத்தனை போலீஸ். நான்கு பேரும் ஒரே வடத்தைத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் கேட்பதை மற்றவர் கொடுக்கவே முடியாத நிலை.

சான்று என்பதிலும் துறைகள் ஒத்துப்போவதில்லை. 'எங்க தாத்தா காலத்துல இழுத்தோம்' என்று ஒருவர் சொல்கிறார். நீதிமன்றத்துக்கு அது நிரூபிக்கப்படாத கூற்று. வரலாற்றாளர் அதற்குச் சமகால ஆவணம் தேடுவார். மானிடவியலாளருக்கு அது எந்த ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது என்பது போதும். மூன்று அளவுகோலையும் ஒரே பத்தியில் கலந்தால் வாசகருக்கு நீங்கள் எதை நிறுவுகிறீர்கள் என்று புரியாது. ஒவ்வொரு கூற்றுக்கும் எந்த அளவுகோல் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

புள்ளிவிவரத்தில் ஒரு எச்சரிக்கை. விரிவான சாதிக் கணக்கு கடைசியாக வெளியானது 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அதிலும் மாவட்ட அளவில். அந்த விகிதத்தை எடுத்து இன்றைய ஒரு கிராமத்துக்குப் பொருத்துகிறார்கள், இது செல்லாது. 2011 கணக்கெடுப்பில் கிராம அளவில் பட்டியல் சாதி, பழங்குடி மொத்தம் மட்டும் கிடைக்கும், உட்சாதி கிடைக்காது. கிராம அளவில் வேண்டுமானால் நீங்களே வீடு வீடாக எண்ண வேண்டும். மோதல் நடந்த ஊரில் அதைச் செய்வதா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

10. எழுதும்போது

சாதிப் பெயர்களில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது அதிலுள்ள பெயர், உங்கள் சொந்த வாக்கியத்தில் அந்தச் சமூகம் இன்று தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர். 2021-இல் ஏழு பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் கொண்டுவரப்பட்டன. அதற்கு முந்தைய காகிதங்களில் அவை தனித்தனியே இருக்கும். முன்னுரையில் இந்த விதியை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

புனைபெயர் போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊராட்சித் தலைவர் ஒருவர்தான், தலைமையாசிரியர் ஒருவர்தான். பதவியைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் சொன்னதை 'உள்ளூர்க்காரர் ஒருவர்' என்று பொதுவாக எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இரண்டு பேர் சொன்னதை ஒருவர் சொன்னதாக ஒன்றாக்காதீர்கள். கற்பனையான கூட்டுப் பாத்திரம் ஆய்வேட்டில் வேண்டாம்.

நடுநிலை என்ற பெயரில் இரண்டு தரப்புக்கும் சம பக்கங்கள் ஒதுக்குவது இன்னொரு நோய். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே அளவு ஆவணம் இருக்காது. ஒரு தெருவில் செப்பேடும் பட்டயமும் இருக்கும், இன்னொன்றில் மருத்துவமனைச் சீட்டு மட்டும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வை மறைக்காமல் எழுதுங்கள்.

11. சமர்ப்பிக்கும் முன் ஊருக்கு ஒருமுறை

முழு ஆய்வேட்டையும் ஊரில் கொடுக்கச் சொல்லவில்லை. காலவரிசையையும் வரைபடத்தையும் மட்டும், சாதிப் பெயர், ஆள் பெயர் நீக்கி, இரண்டு தெருவிலும் தனித்தனியே காட்டுங்கள். தேதிப் பிழைகள் அங்கேதான் திருத்தப்படும். 'இந்தப் பாதை அப்போது இல்லை', 'அந்த ஆண்டு மழை, தேரே கட்டவில்லை' என்று சொல்வார்கள்.

விளக்கங்களை அவர்கள் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒருவர் 'நான் சொன்னதை எடுத்துடுங்க' என்றால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல மேற்கோளாக இருந்தாலும் சரி. அடுத்த ஆனிக்குள் ஆய்வேடு வெளிவருவதாக இருந்தால், வெளியிடும் மாதத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று நெறியாளரிடம் கேளுங்கள்.